அப்பா ஏன் வெளியே நிற்கிறார்? தாய் சேய் நலச் சேவைகளும் ஆண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படியென்றால் அப்பாவாகும் ஆண்களில் கிட்டத்தட்ட எல்லோருமே ஒருமுறையாவது ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். வருகிறார்கள், வாசலோடு நிற்கிறார்கள். மருந்து வாங்கி வர, ஆட்டோ பிடிக்க, கையெழுத்துப் போட, பணம் கட்ட என்று நான்கு வேலைகளுக்குக் கூப்பிடப்படுகிறார்கள். டாக்டர் என்ன சொன்னார், குழந்தையின் எடை எவ்வளவு, அடுத்த செக்கப் எப்போது என்பதெல்லாம் மாமியார் வாய்வழியாகத்தான் அவர்களுக்கு வந்து சேர்கிறது.

தாய் சேய் நலப் பணியில் இருந்தபோது தம்பதிகளும் அவர்களுடைய பெற்றோர்களும் என்னிடம் கேட்டவற்றையும், செவிலியர்கள் பேச்சுவாக்கில் எழுப்பியவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அப்பாக்கள் உள்ளே வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் வரும்போது அந்தப் பெண்ணின் குரல் சிறுத்துப்போகக் கூடாது என்பதும் அதே அளவு உறுதியான எண்ணம்.

ஆண்கள் வராததற்கு அக்கறையின்மைதானே காரணம்?

சிலருக்கு அதுதான் காரணம். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதி உண்மை விடுபட்டுவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாரத்தைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை. புதன்கிழமை தடுப்பூசி. இரண்டும் வேலை நாள், இரண்டும் காலை நேரம். கொத்து வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவருக்கு அந்த ஒரு காலை என்பது ஒரு நாள் கூலி. மனைவியும் கூலி வேலைக்குப் போகிறவர்தான், அவருக்கும் கூலி போகிறது. ஆனால் ஆணின் கூலி அதிகம் என்பதால் யார் வீட்டில் இருப்பது என்ற கேள்விக்கு ஒரே விடைதான் வருகிறது. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் ஊர், அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளி வைக்கும் ஊராகவும் ஆகிவிடுகிறது.

அடுத்து, ஊருக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் என்றால் அது பெண்தான். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணியைப் பதிவு செய்வது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, பிரசவமான வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர். ஆண் களப்பணியாளர் ஒருவரும் இருக்கிறார், அவர் சுகாதார ஆய்வாளர். அவருடைய வேலை கொசுப்புழு, குளோரின், டெங்கு. மனைவியின் ரத்தசோகை பற்றியோ குழந்தையின் எடை பற்றியோ ஒரு ஆணிடம் உட்கார்ந்து பேசுவது இந்த அமைப்பில் யாருடைய வேலையும் இல்லை. செவிலியர் பேசலாம்தான். ஆனால் அவர் வீட்டுக்கு வரும் பகல் நேரத்தில் ஆண் வீட்டில் இருப்பதில்லை. இருந்தாலும், நர்ஸம்மா வந்ததும் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவதுதான் மரியாதை என்று அவருக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது.

பிரசவத்தின்போது நான் கூட இருக்க விரும்பினேன். அரசு மருத்துவமனையில் விடவில்லை. சட்டப்படி விடக் கூடாதா?

விடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பிரசவ வார்டில் உடனிருக்க ஒரு துணையை அனுமதிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் மாநிலங்களுக்கு வழிகாட்டியது. அந்தத் துணை பிரசவ அனுபவமுள்ள ஒரு பெண்ணாக இருப்பது முதல் ஏற்பாடு. தனிமை காக்க வசதியுள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெண் துணையை உள்ளே விடும் வழக்கம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. கணவருக்குத்தான் கதவு திறக்கவில்லை.

காரணம் அந்தத் தனிமையில்தான் இருக்கிறது. ஒரே அறையில் நான்கைந்து கட்டில், நடுவே திரைகூடச் சரியாக இருக்காது. ஒருத்தியின் கணவர் உள்ளே வந்தால் பக்கத்துக் கட்டிலில் ஆடை விலகிக் கிடக்கும் இன்னொருத்திக்கு அது எப்படி இருக்கும்? அவள் சங்கடத்தை ஒதுக்கிவிட்டு அப்பாவின் உரிமையைப் பேச முடியாது. ஆகவே நாம் கேட்க வேண்டியது சுவர், தடுப்பு, திரை. கட்டிலுக்குக் கட்டில் தடுப்பு வந்துவிட்டால் கணவரை அனுமதிப்பதில் தடையாக நிற்பது பழக்கம் ஒன்றுதான். அந்தத் தடுப்பு கணவர் வராத பெண்ணுக்கும் கண்ணியம் தரும்.

யார் உடனிருக்க வேண்டும் என்பதைப் பிரசவிக்கும் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளும் அவள் விரும்பும் துணை என்றுதான் சொல்கின்றன. "எனக்கு எங்கம்மா போதும்" என்று அவள் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது.

அப்பா வந்தால் உண்மையிலேயே ஏதாவது நன்மை உண்டா? இல்லை, வெறும் நாகரிகமா?

நன்மை உண்டு. ஆனால் எது நிரூபிக்கப்பட்டது, எது ஆசை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

பிரசவ வலியின்போது ஒருவர் தொடர்ந்து உடனிருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் குறைகிறது என்பதற்கு 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளின் தொகுப்பு சான்றாக இருக்கிறது. அந்தத் துணை எல்லா ஆய்வுகளிலும் கணவர் அல்ல. தாதி, உறவுப்பெண், பயிற்சி பெற்ற துணையாள் என்று பலர். ஆகவே கணவர் வந்தால்தான் அந்தப் பலன் என்று நான் சொல்ல மாட்டேன்.

கணவரால் நேராக வரும் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், அங்கே சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் இரண்டும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பவை. வண்டியும் பணமும் முடிவும் ஆணின் கையில் இருக்கும் வீட்டில், கடும் தலைவலியோடு கண் மங்குவது ரத்தக்கொதிப்பின் அபாய அறிகுறி என்று அவருக்குத் தெரியாவிட்டால், "வெயில்ல அலைஞ்சிருப்ப, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று ஒரு இரவு வீணாகும். அந்த ஒரு இரவு போதும், உயிர் போவதற்கு.

அதனால் எந்த அப்பாவிடமும் முதலில் இந்த அறிகுறிகளைத்தான் சொல்வேன். கர்ப்பத்தில்: ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, வலிப்பு, கண் மங்கலோடு தலைவலி, முகமும் கையும் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது. பிரசவத்துக்குப் பின்: துணி மாற்றி மாற்றி நனையும் அளவு உதிரம், காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெளிப்போக்கு. பச்சிளங்குழந்தைக்கு: பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குவது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

எங்கள் வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். நான் திருப்பூரில். நான் எப்படிப் பங்கேற்பது?

ஆண்களை ஒதுக்கிவைக்கும் வழக்கங்களில் மிக இதமானது இதுதான். அதனாலேயே யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது அந்தப் பெண்ணுக்கு ஓய்வு, பழகிய சாப்பாடு, அம்மாவின் கை. அதைக் குறை சொல்லவே கூடாது. மாமியார் வீட்டில் அடுப்படியில் நிற்பதைவிட அவள் அங்கே இருப்பதுதான் நல்லது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ போனவள் குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்புகிறாள். குழந்தையைத் தூக்கக் கற்றுக்கொள்ளும் நாட்கள், இரவில் அழுதால் காரணம் கண்டுபிடிக்கும் நாட்கள், முதல் மூன்று தடுப்பூசிகள் எல்லாம் அந்த இடைவெளியில் முடிந்துவிடுகின்றன. அப்பா ஞாயிற்றுக்கிழமை பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரும் விருந்தாளி ஆகிவிடுகிறார். மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குப் பலகாரம் வரும்; குழந்தையின் ஈரத்துணியை மாற்றச் சொல்லி யாரும் அவரிடம் கொடுக்க மாட்டார்கள். பிறகு குழந்தை வீட்டுக்கு வரும்போது மனைவி எல்லாம் தெரிந்தவளாகவும் கணவர் ஒன்றும் தெரியாதவராகவும் இருக்கிறார்கள். அந்த இடைவெளி பல வீடுகளில் கடைசிவரை நிரம்புவதே இல்லை.

தூரத்திலிருந்தும் செய்ய முடிகிறவை இருக்கின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது மனைவிக்குக் கொடுத்த பிக்மி எண்ணை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் அவளுடைய பதிவைத் தொடர்வது அந்த எண்தான். தாய் சேய் அட்டையின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நீங்களே படித்துப் பாருங்கள். அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் ஒருமுறை நேரிலோ போனிலோ அறிமுகம் செய்துகொள்ளுங்கள். லீவு எடுக்க முடிந்த நாட்களைப் பெயர் சூட்டும் விழாவுக்கு மட்டும் சேர்த்து வைக்காமல், டிஸ்சார்ஜ் ஆகும் நாளுக்கும் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கும் பங்கிட்டு வையுங்கள்.

கணவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்களே, எதற்கு?

கர்ப்பம் ஒருத்தியின் உடம்பில் நடந்தாலும் அதன் மருத்துவத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்பதால்.

மனைவி நெகடிவ் ரத்தப் பிரிவாக இருந்து கணவர் பாசிடிவாக இருந்தால் குழந்தை பாசிடிவாக இருக்க வாய்ப்புண்டு. அப்போது தாயின் உடலில் குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான பொருள்கள் உருவாகாமல் தடுக்க ஆன்டி-டி ஊசி போடுவார்கள். கர்ப்பத்தில் 28-வது வாரம் ஒன்று, பிறந்த குழந்தை பாசிடிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மற்றொன்று. எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகளும் அப்படித்தான். சிபிலிஸ் உள்ள மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்து, கணவர் பரிசோதனைக்கே வராவிட்டால் அவளுக்குத் திரும்பவும் தொற்றும், குழந்தைக்கும் போகும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் கடத்தியாக, அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவளாக, மனைவி இருந்தால் கணவரையும் பரிசோதிக்காமல் குழந்தைக்கு ஆபத்து உண்டா என்று சொல்லவே முடியாது.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அப்பா சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வீட்டில் பச்சிளங்குழந்தை இருக்கிறது. பீடி சிகரெட்டை வாசலில் பிடித்தால் போதாது, விட்டுவிடுவதுதான் வழி.

நான் கூடப் போனால் டாக்டர் என்னிடம் மட்டுமே பேசுகிறார். மனைவி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இது சரியா?

சரியில்லை. இதைக் கவனித்துக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு அறையில் நான் கண்டது இது. ஏழு மாதக் கர்ப்பிணி நாற்காலியில், கணவர் பின்னால் நின்றுகொண்டு. டாக்டர் தலையை நிமிர்த்திக் கணவரிடம் கேட்கிறார்: "ஒழுங்கா சாப்பிடுறாங்களா? மாத்திரை போடுறாங்களா?" கணவர், "போடுறா சார்." அந்தப் பெண் மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து இரண்டு வாரமாக நிறுத்தியிருந்தாள். வெளியே வந்தபின் ஆயாவிடம்தான் அதைச் சொன்னாள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அப்படிப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம் என்று அரை நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஆண்களை அழைத்து வருவதில் இருக்கும் ஆபத்து இதுதான். பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு என்ற இந்த ஒரு இடத்தில்தான் பல பெண்களின் பேச்சு எடுபடுகிறது. அங்கேயும் ஆணைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஆண்களின் பங்கேற்பைப் பரிந்துரைத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: பெண்ணின் விருப்பத்தையும் அவளே முடிவெடுக்கும் உரிமையையும் மதிக்கும் விதத்தில்தான் அது நடக்க வேண்டும். தான்சானியா, உகாண்டா போன்ற நாடுகளில் எச்ஐவி பரிசோதனைக்காகக் கணவரோடு வரும் கர்ப்பிணிகளை முதலில் பார்க்கும் வழக்கம் வந்தது. விளைவாக, கணவர் இல்லாதவளும் கணவர் வர மறுத்தவளும் காத்துக் கிடந்தார்கள். சில இடங்களில் ஊர்த் தலைவரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் தொடங்கிய ஏற்பாடுதான், அடி விழுந்தது பலவீனமானவள் மேல்.

ஆகவே அறைக்குள் உங்களிடம் கேள்வி வந்தால், "அவங்களையே கேளுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பெண்ணையும் ஒருமுறையாவது தனியாக வைத்துப் பேச டாக்டரும் செவிலியரும் நேரம் ஒதுக்க வேண்டும். "கொஞ்சம் வெளிய இருங்க" என்று அப்போது சொன்னால் முகம் சுளிக்காமல் போய் நில்லுங்கள்.

கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ கணவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்களே?

சட்டப்படி வேண்டியதில்லை. 1971-ன் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும். 2021 திருத்தத்தில், கருத்தடை முறை தோற்று உண்டான கர்ப்பத்தைப் பற்றிய பகுதியில், 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' என்ற இடத்தில் 'பெண் அல்லது அவளது துணைவர்' என்று மாற்றி எழுதப்பட்டது. கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் இணையரின் கையெழுத்து கட்டாயமில்லை என்றுதான் அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நடைமுறையில் கேட்கிறார்கள், பிறகு குடும்பத்தில் தகராறு வந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில். இருவரும் பேசி முடிவெடுப்பது மிக நல்லது. கையெழுத்து இல்லை என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்புவது தவறு.

குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷன் ஏன் எப்போதும் பெண்ணுக்கே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எண்கள். அதே 2019–21 ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண் செய்துகொண்டது 0.1 சதவீதம். இந்தியா முழுவதும் சேர்த்தால் 37.9-க்கு 0.3.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வாசக்டமியை, அதாவது ஆணுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையை, முன்னே வைத்து, செய்துகொள்பவருக்கு ஊக்கத்தொகை கொடுத்த முன்னோடி மாநிலம் மெட்ராஸ். 1971 ஜூலையில் பக்கத்து எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவை சிகிச்சைகளில் பெரும்பகுதி ஆண்களுக்குத்தான்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77ல் ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாசக்டமிகள். வட மாநிலங்களில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனதும், ரேஷனையும் வேலையையும் காட்டி மிரட்டியதும் ஊரறிந்த வரலாறு. 1977 தேர்தலில் அதற்கு மக்கள் பதில் சொன்னார்கள். அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. கற்றுக்கொண்டதோ ஆண்களைத் தொடக் கூடாது என்பது. இலக்குகள் அப்படியே இருந்தன, ஆள் மட்டும் மாறினார். எதிர்த்துக் கேட்காத, பிரசவத்துக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிற பெண்ணின் மேல் மொத்தச் சுமையும் விழுந்தது.

அந்தச் சுமை எவ்வளவு என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் காட்டியது. கருத்தடை முகாமில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே மூன்றாண்டுகளுக்குள் கைவிடச் சொன்னது. ஆணுக்குச் செய்யும் சிகிச்சை இதைவிட எளியது, பாதுகாப்பானது, ஊக்கத்தொகையும் அதற்குத்தான் அதிகம். ஆண்டுதோறும் நவம்பர் பிற்பாதியில் வாசக்டமி இருவார விழாவும் நடக்கிறது. இத்தனைக்குப் பிறகும் எண் நகரவில்லை. பணமும் போஸ்டரும் போதாது என்பது தெளிவு. எத்தனையோ வீடுகளில், கணவர் முன்வந்தாலும் மனைவியே, "அவர் வேலைக்குப் போகணும், நானே பண்ணிக்கிறேன்" என்கிறார். மாமியார் அதை ஆமோதிக்கிறார். சிசேரியன் என்றால் அதோடு சேர்த்துச் செய்துவிடுகிறார்கள், கேள்வியே எழுவதில்லை. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தப் பேச்சு ஏழாம் மாதத்திலேயே, கணவரும் இருக்கும்போது, அவருக்கும் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லித் தொடங்கப்பட வேண்டும். பிரசவ மேசையில் தொடங்கினால் விடை முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

வாசக்டமி செய்தால் ஆண்மை போகுமா? பாரம் தூக்க முடியாதா?

போகாது. விதைப்பையிலிருந்து விந்தணு போகும் சிறு குழாயைத்தான் துண்டித்துக் கட்டுகிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை. நேரே ரத்தத்தில் கலக்கிறது. விந்தில் அணுவின் பங்கு மிகச் சிறிது, மற்றதெல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஆகவே ஆசை, விறைப்பு, வெளியேற்றம் எதிலும் மாற்றமில்லை. சீனாவின் லீ ஷுன்சியாங் 1974-ல் உருவாக்கிய, கத்தி வைக்காத முறையில்தான் இப்போது செய்கிறார்கள்: மரத்துப்போக ஊசி, சிறு துளை, தையல் இல்லை, பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமான பாரம் வேண்டாம். அதன்பிறகு மூட்டை தூக்குகிறவரும் தூக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உடனே பலன் வராது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வரும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு, மனைவி கர்ப்பமாகி, அவள்மேல் சந்தேகப்பட்டுக் குடும்பமே உடைந்த கதைகள் உண்டு.

எடை குறைந்த குழந்தை. அப்பா நெஞ்சில் போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. குழந்தையை நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. சூடு கொடுப்பது தோல். அம்மாவின் தோலா அப்பாவின் தோலா என்று குழந்தைக்குப் பிரச்சினை இல்லை. தாய்க்குச் சிசேரியன் ஆகி எழ முடியாதபோது முதல் நாளே அப்பா தொடங்கலாம்.

செய்வது இப்படி: சட்டையைத் திறந்துவிட்டுச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி, தவளை உட்காருவதுபோல் கால்களை மடக்கி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல், மூக்கு அடைபடாமல் இருக்க வேண்டும். மேலே ஒரு துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் இருவரையும் பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2017 முதல் இருக்கிறது. பல இடங்களில் இன்னும் அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. பொறுப்புச் செவிலியரிடம் பணிவாக, திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

அப்பா மட்டும் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போகலாமா?

போகலாம், எந்தத் தடையும் இல்லை. அட்டையை மறக்காதீர்கள்.

ஒரு புதன்கிழமை மூன்றரை மாத ஊசிக்குத் தனியாக வந்த ஒருவரைப் பார்த்தேன். "அம்மா வரலையா?" என்றார் சிஸ்டர். "வேலைக்குச் சேர்ந்துட்டா, நான்தான் வந்தேன்." "போன ஊசிக்குக் காய்ச்சல் அடிச்சுதா?" "ராத்திரி பதினொரு மணி வரைக்கும் இருந்துச்சு சிஸ்டர், நூறு, நூத்தி ஒண்ணு. சொட்டு மருந்து கொடுத்தோம், காலைல இல்ல. வலது தொடைல மட்டும் கட்டி மாதிரி நாலு நாள் இருந்துச்சு." அவ்வளவு துல்லியமாக அன்று வேறு யாரும் சொல்லவில்லை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். பெஞ்சு முழுக்கப் பால் கொடுக்கும் தாய்மார்கள் என்பதால் அவர் குழந்தையோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். "பொண்டாட்டிக்கு என்னவாம்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவர் காதிலும் விழுந்திருக்கும். அடுத்த முறை அவர் வருவாரா மாட்டாரா என்பது அந்தக் குரலையும் பொறுத்தது.

தந்தைக்கு விடுப்பு உண்டா?

மத்திய அரசு ஆண் ஊழியருக்கு 15 நாள் உண்டு, இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் இருந்தால். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்க வேண்டும். தனியார் துறைக்கு இந்தியாவில் சட்டமே இல்லை, கம்பெனி மனது வைத்தால் உண்டு. பேறுகாலப் பயன் சட்டம் 2017-ல் தாய்க்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக உயர்த்தியபோதும் தந்தையைப் பற்றி ஒரு வரியும் சேர்க்கவில்லை. 2023-ல் ஒரு காவல் ஆய்வாளரின் விடுப்பு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தந்தையர் விடுப்புக்குச் சட்டம் தேவை என்று சொன்னது.

விடுப்பு தாயின் உடல்நலத்துக்கும் உதவும். சுவீடன் 2012-ல் குழந்தையின் முதல் ஆண்டில் அப்பாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் 30 நாள் வரை விடுப்பில் இருக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. அதன்பின் பிரசவித்த தாய்மார்களுக்குப் பதற்றத்துக்கான மருந்துகள் எழுதப்படுவது குறைந்தது. தினக்கூலிக்குப் போகிற நம் அப்பாக்களுக்கு விடுப்பு என்ற பேச்சே பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது கூலி இழப்புக்கு ஈடு, அல்லது மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்.

நான் குழந்தையைத் தூக்கப் போனால் என் அம்மாவே, "உனக்கு எதுக்குடா இது, நீ போ" என்கிறார். என்ன செய்வது?

அம்மாவோடு சண்டை போட வேண்டாம். அவருக்கு வீட்டில் கிடைத்த ஒரே அதிகாரம் இது. அதை விட்டுக்கொடுக்கத் தயங்குவது இயல்பு. குளிப்பாட்டக் கற்றுத்தரச் சொல்லி அவரிடமே கேளுங்கள். ஏதாவது ஒரு வேலையை முழுசாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்: இரவு பால் குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, அல்லது எல்லா மருந்து வேளைகளும். ஒரு மாதத்தில், "அவனைக் கூப்பிடு, அவன் கையிலதான் அடங்கும்" என்று அவரே சொல்வார்.

பிரசவமாகி ஒரு மாதம் ஆகியும் மனைவி காரணமில்லாமல் அழுகிறாள். எனக்கும் எதிலும் பிடிப்பில்லை.

முதல் பத்து நாட்களில் வரும் அழுகை தானாகத் தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, செத்துவிடலாம் என்ற பேச்சு இருந்தால் அது நோய், சிகிச்சை உண்டு. அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும். ஆண் அழக் கூடாது என்று வளர்க்கப்பட்டதால் அது கோபமாகவும் குடியாகவும் வெளியே வருகிறது, அதனால் யாரும் அதை நோய் என்று அடையாளம் காண்பதில்லை. இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள். 104-ல் பேசலாம்.

அடிக்கிற கணவரையும் கூட்டி வரச் சொல்வீர்களா?

மாட்டேன். அவளுடைய பாதுகாப்புதான் முதலில். அவளைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும், அவள் சொன்னது அவர் காதுக்குப் போகக் கூடாது. உதவிக்கு 181 எந்நேரமும் உண்டு.

எங்கள் சுகாதார நிலையத்தில் பெரிய செலவில்லாமல் என்ன மாற்றலாம்?

இதைக் கேட்டது ஒரு செவிலியர், அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கணவரின் போன் எண்ணை வாங்கும்போது அவர் பெயரையும் கேட்டு எழுதி, அடுத்த பரிசோதனை நாளை மனைவியின் சம்மதத்தோடு அவருக்கும் அனுப்புங்கள். தாய்மார்கள் பால் கொடுக்கும் இடத்துக்குத் திரை போட்டுவிட்டு, ஆண்கள் உட்கார இன்னொரு பெஞ்சை நிழலில் போடுங்கள். சுவரில் உள்ள படங்களில் ஒன்றிலாவது குழந்தையை ஒரு ஆண் தூக்கி வைத்திருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் சிறப்பு முகாமுக்கு வரும் கணவர்களைச் சேர்த்து உட்காரவைத்து அபாய அறிகுறிகளை ஒரு கால் மணி நேரம் சொல்லுங்கள். சுகாதார ஆய்வாளர் டெங்கு பார்க்க வீட்டுக்குப் போகும்போது கர்ப்பிணி இருக்கும் வீட்டு ஆணிடம் நான்கு வார்த்தை பேசட்டும். யாரும் வராத பெண்ணிடம், "ஏன் தனியா வந்தீங்க?" என்று மட்டும் ஒருபோதும் கேட்க வேண்டாம்.